மூன்றாம் அலசல்

அந்த ஆய்வுக் கப்பலில் யார் குரு, யார் சீடர் என்பதில் சமையல்காரருக்குக் கடைசிவரை குழப்பம்தான். நரைத்த தலையைப் பார்த்துத் தேநீரை முதலில் தொபியாஸிடம் நீட்டுவார். அவர் அதை வாங்கி, தன்னைவிடப் பத்து வயது இளைய நசீமாவிடம் கொடுப்பார்.

சரக்குக் கப்பல்களில் பாதி ஆயுளை ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய தொபியாஸ், நசீமாவிடம் கடல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தார். அவருடைய ஆய்வு முழுவதும் ஒரே கேள்வியில் நின்றது: இந்த இடத்தில், அடியாழத்துத் தண்ணீரில் உப்பு எவ்வளவு?

அன்று பயணத்தின் கடைசி நாள். தண்ணீர் பிடித்துவர ஆழத்துக்கு இறக்கிய உருளைகளில் ஒன்றுதான் சரியாக மூடிக்கொண்டு தண்ணீரோடு மேலே வந்தது. மற்றவர்கள் தங்கள் சோதனைக்குப் பிடித்தது போக அதில் கொஞ்சம் மிச்சம். மாலையில் கப்பல் கரைக்குத் திரும்பிவிடும்.

தொபியாஸ் கண்ணாடிப் புட்டியை ஆய்வகத்தின் காய்ச்சி வடித்த நீரால் பளிச்சென்று கழுவி, உதறி, உருளையிலிருந்து நிரப்பினார். நசீமா அதை வாங்கி அப்படியே கடலில் ஊற்றினார்.

தொபியாஸ் காலிப் புட்டியைப் பார்த்தார்.

“சுத்தமான தண்ணியிலதானே கழுவினேன், மேடம்?”

“அதுல உப்பே இல்லையே, அண்ணே. ஒட்டியிருந்த துளி கலந்து போச்சு. எந்தத் தண்ணியைப் பிடிக்கிறோமோ, அதுலயே அலசணும். மூணு தடவை.”

உருளையில் ஒரு புட்டிக்குச் சற்றுக் கூடத்தான் இருக்கும் என்றார் தொபியாஸ். கழுத்துவரை நிறையாவிட்டால் அளவு சரியாக வராது என்பதையும், அவருக்கே கற்றுக்கொடுப்பதுபோல, சொல்லிப் பார்த்தார். நசீமா தலையாட்டினாரே தவிர, புட்டியை நீட்டிய கையை மடக்கவில்லை.

தொபியாஸ் ஒரு மடக்கு பிடித்தார். குலுக்கினார். கொட்டினார். அவ்வளவு ஆழத்திலிருந்து ஏறி வந்தது மேல்தண்ணீரோடு போய்ச் சேர்ந்தது. இன்னொரு மடக்கு. அதையும் கொட்டினார். கொட்டக் கொட்ட வாய் சும்மா இருக்கவில்லை. இதே வழியாக எத்தனை தடவை போயிருப்போம், எத்தனை புயல் பார்த்திருப்போம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சற்று நிறுத்தினார்.

“இருபது வருஷம் இது மேலதான் கிடந்தேன். கடலை எனக்குக் கொஞ்சம் தெரியும்னு சொல்லிக்கலாமா, மேடம்?”

நசீமா புட்டியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

“இன்னும் ஒரு தடவை கொட்டணும், அண்ணே.”

தொபியாஸ் மூன்றாவது மடக்கைப் பிடித்துக் குலுக்கிக் கொட்டினார். அடுத்துப் பிடித்தது புட்டியின் கழுத்தைத் தொட்டு நின்றது. உருளை காலி.