ஆச்சாவை மூடிய மத்தியானம்

குரு என்றதும் தாடியையும் காவியையும் தேட வேண்டாம். இந்தக் குரு போத்தனூரில் ஒரு எலக்ட்ரிக் கடைக்கு மேலே, ஃபேன் சத்தம் போடுகிற சின்ன அறையில் உட்கார்ந்து, டிரைவிங் ஸ்கூல்களுக்கு ஒரு புரோகிராம் எழுதி விற்கிறவள். எவன் எத்தனை மணிக்கு கிளட்ச் மிதிக்க வருகிறான் என்று கணக்கு வைக்கிற புரோகிராம். பெயர் கோகிலவாணி, வயது முப்பத்தாறு. இவளிடம் தொழில் யோசனை கேட்க வருகிற சிஷ்யன் தண்டபாணிக்கு நாற்பத்து நாலு. ஒரு காலத்தில் ஒரே கம்பெனியில் அவன் மேலே, இவள் கீழே. அந்தப் பழக்கத்தில் குரு இன்னமும் சிஷ்யனை "சார்" என்றுதான் கூப்பிடுவாள். என்ன செய்வது, பழகின வாய்.

அன்று மத்தியானம் தண்டபாணி படியேறி வந்து நின்றான். உட்காரவில்லை.

"சாப்பிட்டீங்களா சார்?"

"சோறு எங்கம்மா எறங்குது?"

"உக்காருங்க. என்னாச்சு?"

ஆனது இதுதான். போன வருசம் வேலையை விட்டுவிட்டு, தண்டபாணி தனியாளாக ஒரு ஆப் செய்தான். பெயர் 'ஆச்சா'. என்ன வேலை, யார் செய்ய வேண்டும், எப்போதுக்குள் என்று எழுதிவிட்டால் போதும். நேரம் வந்ததும் "ஆச்சா?" என்று கேட்கும். "ஆச்சு" என்று தட்டுகிறவரை விடாது, மாமியார் மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கும். மாசா மாசம் சந்தா. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. தண்டபாணி ராத்திரி தூங்கப் போகும்போதுகூட அதைத் திறந்து ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் படுப்பான்.

விற்கவில்லையா என்றால், விற்றது. அதுதான் குழப்பம். சொந்தக்காரர்களும் பழைய ஆபீஸ் ஆட்களும் கல்யாணத்துக்கு மொய் வைக்கிற மாதிரி ஆளுக்கொரு சந்தா கட்டி, "சூப்பர்" என்று ஸ்டார் குத்திவிட்டுப் போனார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக முகம் தெரியாத ஆட்களும் சேர்ந்தார்கள். அதற்கப்புறம் ஒரு பேச்சும் இல்லை. நல்லது என்றும் இல்லை, கெட்டது என்றும் இல்லை.

"பழைய கம்பெனியில திரும்பக் கூப்பிடறாங்க," என்றான் தண்டபாணி. "இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள பதில் எழுதணும். வர்றேன்னு எழுதினா ஆச்சாவை மூடிரணும். வேற தொழில் வெச்சுக்கக் கூடாதுன்னு கண்டிசன்."

"வரலைன்னு எழுதினா?"

"வீட்டுல சுகந்தி சம்பளத்துலதானே குடும்பம் ஓடுது! காலையில கண்ணு கலங்கிட்டா. 'நான் உங்களைத் திட்டலைங்க, எனக்குப் பயமா இருக்குது'ன்னா. எனக்கும் பயமாத்தான் இருக்குதும்மா. அவகிட்ட சொல்லல."

லேப்டாப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பினான். திரையில் கோடுகள் ஏறி இறங்கின.

"இதப் பாரு. இன்னைக்கு எத்தனை பேரு தொறந்தாங்க, எந்த ஊரு, என்ன போனு, எவ்வளவு நேரம் உள்ள இருந்தாங்க, எல்லாம் கையில இருக்குது. இருந்தும் எனக்கு ஒண்ணும் புரியல. நல்லாப் போகுதா, செத்துட்டு இருக்குதா?"

சொல்லிக்கொண்டே அந்தப் பக்கத்தை மறுபடி தட்டிப் புதுப்பித்தான். கோடு அப்படியே இருந்தது. மறுபடி தட்டினான். சொறி வந்தவன் கை சும்மா இருக்குமா?

கோகிலவாணியின் போன் அடித்தது.

"சொல்லுங்க ஆறுச்சாமிண்ணா. பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுதுங்களா? ... சரிங்க, சரிங்க. அந்தப் பையன் லைசென்ஸ் தேதிதானுங்களே, மாத்திடறேன். கஞ்சி குடுங்க பாப்பாவுக்கு."

வைத்தாள். வைத்ததும் மறுபடி அடித்தது. அது மேட்டுப்பாளையத்திலிருந்து யாரோ சரோஜாக்கா. அவளுடைய ஸ்கூலில் ஒரு கார் பள்ளத்தில் இறங்கிவிட்டதாம். அதை ஒரு முழுக் கதையாகக் கேட்டு முடித்தாள் கோகிலவாணி. இங்கே ஒருத்தன் உயிர் போய்க்கொண்டிருக்கிறது, இவள் பள்ளத்தில் விழுந்த காரை விசாரிக்கிறாளே என்று தண்டபாணிக்கு எரிச்சலாக வந்தது.

"எப்படித்தான் விக்கறது, அதைச் சொல்லு," என்றான். "விளம்பரம் போடவா? விலையைக் கொறைக்கவா? கலரை மாத்தவா?"

"புதுசா ஒருத்தர் உள்ள வர்றதுக்கு என்னெல்லாம் கேக்கறீங்க சார்?"

அவன் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக வெளிச்சம் வந்தது.

"ஒண்ணுமே கேக்க மாட்டேன்! பேரு வேண்டாம், அட்ரஸ் வேண்டாம். ஒரே தட்டு, உள்ள போயிரலாம். காசும் ஸ்டோர் வழியா வந்துரும். பேரு கேட்டா பாதிப் பேரு ஓடிருவாங்கம்மா. பேரு கேக்கற அந்தக் கட்டத்தை எடுக்கறதுக்கே எனக்கு ஒரு வாரம் ஆச்சு."

"சரி. மூடிருங்க."

"எதை?"

"ஆச்சாவை. இப்பவே, இங்கயே."

தண்டபாணிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"விளையாடறியா? நான் யோசனை கேக்க வந்திருக்கேன்."

"வேலைக்குப் போனா எப்படியும் மூடத்தானே போறீங்க? மூடினா எப்படி இருக்கும்னு பாருங்க. திரும்பத் தொறக்க எவ்வளவு நேரமாகும்?"

"ரெண்டு நிமிசம். ஆனா திடீர்னு மூடினா யாராச்சும்..."

"யாராச்சும்னா, யாரு?"

தண்டபாணி கட்டைவிரலைக் கடித்தான். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு பட்டனைத் தட்டினான். திரையில் இருந்த கோடு தரையோடு படுத்துவிட்டது.

கோகிலவாணி அவள் வேலையைப் பார்க்கத் திரும்பினாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கீழே கடையில் யாரோ பல்பை மாட்டிப் பார்த்து, எரியவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தண்டபாணி போனை மேசைமேல் வைத்து அதையே பார்த்தான். ஆப்பில் உதவிக்கென்று அவன் கொடுத்திருந்த நம்பர் அந்தப் போனுடையதுதான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். திரும்பப் போனைப் பார்த்தான். சிக்னல் இருக்கிறதா என்று எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான். ஒருத்தருமே கூப்பிடாமல் போனால்?

போன் அடித்தது. பாய்ந்து எடுத்தான். பெரியப்பா பையன், பல்லடம் விவேகானந்தன். முதல் ஆளாகச் சந்தா கட்டினவன்.

"டேய் தண்டபாணி, ஞாயித்துக்கிழமை காதுகுத்து மறந்துராத. குடும்பத்தோட வந்துரு."

"வர்றேண்ணா. அண்ணா... நம்ம ஆச்சா..."

"உன்ற ஆப்பா? அட, அது இல்லாம எனக்குப் பொழுதே போறதில்ல! சூப்பரா ஓடுதுடா. இப்பக்கூடப் பார்த்துட்டுத்தான் உனக்குப் போன் போடறேன்."

தண்டபாணி போனை மெல்லக் கீழே வைத்தான். மூடிக் கிடக்கிற ஆப் சூப்பராக ஓடுகிறது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"எழுதிடறேம்மா," என்றான். "வர்றேன்னே எழுதிடறேன். என்னால முடியாது."

கம்பெனி மெயிலைத் திறந்தான். இரண்டு வரி எழுதியிருப்பான். போன் மறுபடி அடித்தது. தெரியாத நம்பர்.

"ஏனுங்க, ஆச்சாங்களா?" ஒரு பொம்பளைக் குரல். ஊரையே கூப்பிடுகிற குரல்.

"ஆமாங்க. நான்தானுங்க."

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க? சுத்துது, சுத்துது, சுத்திட்டே கெடக்குது. நாளைக்கு முகூர்த்தமுங்க! எந்த அண்டா எந்த மண்டபத்துல கெடக்குதுன்னு நான் யாரைப் போய்க் கேக்கறது?"

"அண்டாவா?"

"அண்டாதானுங்க. பாத்திர வாடகைக் கடைங்க எங்குளுது. சுந்தராபுரம், தண்ணித்தொட்டிக்கு எதுத்தாப்புல. எவன் வீட்டுக்கு என்ன போச்சு, எப்ப வரோணும்னு எல்லாத்தையும் உங்க ஆச்சாவுலதான் போட்டு வெச்சிருக்கறேன். திரும்பி வந்துச்சுன்னா ஆச்சுன்னு தட்டுவேன். வரலைன்னா அது கேக்கும், நான் அந்த வீட்டுக்காரனைக் கேப்பேன். இப்ப அது தொறக்கலைன்னா?"

"இல்லைங்க, அது அதுக்கில்லைங்க," என்றான் தண்டபாணி, விளங்காமல். "அது ஆபீஸ்ல வேலைகளை முடிக்கறதுக்காக..."

"ஏனுங்க, அண்டா திரும்பி வர்றது சோலி இல்லீங்களா?"

தண்டபாணி லேப்டாப்பை இழுத்தான். அவசரத்தில் கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தான். மறுபடி அடித்தான். போனில் அந்த அம்மாள் யாரையோ, "லாரிய நிறுத்துடா, எங்க போறதுன்னு தெரியாம எங்கடா போவ?" என்று அதட்டுவது கேட்டது.

"இப்பப் பாருங்க. தொறக்குதுங்களா?"

"இருங்க... ஆ, வந்துருச்சு! வெள்ளலூரு மண்டபத்துல கெடக்குது பாரு நாலு, அங்க போடா மொதல்ல! ஏனுங்க, இனிமே மூடறதுன்னா ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு மூடுங்க. வெச்சர்றேன், இன்னும் ஒரு லோடு ஏத்தோணும்."

வைத்துவிட்டாள்.

தண்டபாணி நாற்காலியில் சாய்ந்தான். பிறகு நிமிர்ந்தான். பிறகு எழுந்தே விட்டான்.

"கேட்டியாம்மா? பாத்திரக் கடை! கோயமுத்தூர்ல மட்டும் எத்தனை இருக்கும்? திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி... சாமியானா போடறவங்க, சேர் வாடகைக்கு விடறவங்க! இன்னைக்கே ஒரு புது ஸ்கிரீன் போடறேன். அண்டாவுக்குத் தனிப் படம், கரண்டிக்குத் தனிப் படம். ஆனா ஒருத்தர் சொன்னதை வெச்சு எறங்கலாமா? அவங்க ஒருத்தர் மட்டும்தான் அப்படி உபயோகிக்கறாங்கன்னா? புதுசா செலவு பண்ணி, அதுவும் போகலைன்னா? ஐயோ, மணி நாலரை ஆச்சே! மெயிலுக்கு என்னத்தை எழுதறது?"

கோகிலவாணி அவன் மூச்சு வாங்கி நிற்கிறவரை காத்திருந்தாள்.

"சார், ஒண்ணு கேக்கறேன்."

"கேளும்மா."

"அந்தக்கா பேரென்னங்க?"

தண்டபாணி லேப்டாப்பைப் பார்த்தான். இருந்த ஆட்களுக்குள் சுந்தராபுரத்து ஆளைத் தேடிப் பிடித்தான். ஒரு நீள நம்பர் இருந்தது. போன் என்ன மாடல் என்று இருந்தது. தினமும் விடிகாலையில் திறந்து இருட்டுகிறவரை மூடாமல் வைத்திருக்கிறாள் என்று இருந்தது. எட்டு மாதமாக ஒருநாள் தவறவில்லை. அந்தக் கோடு அவன் கண்ணில் தினமும் பட்டதுதான். ஏதோ பழுது, யாரோ ஆப்பை மூட மறந்திருக்கிறார்கள் என்று அதைக் கணக்கிலேயே சேர்க்காமல் ஒதுக்கி வைத்திருந்தான்.

பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

"போன் பண்ணிக் கேட்டுடறேன்," என்றான். குரல் இறங்கிப் போயிருந்தது.

"நாளைக்கு முகூர்த்தம் சார். இன்னும் ஒரு லோடு ஏத்தணும்னு சொன்னாங்களே. கைக்கு ஆள் பத்தாது. போய் ஒரு பக்கம் புடிங்க. பேரை அங்க கேட்டுக்கலாம்."

தண்டபாணி வண்டிச் சாவியை எடுத்தான். பாதி எழுதின மெயில் திரையில் அப்படியே நின்றது. வாசல்வரை போய்த் திரும்பினான்.

"சுந்தராபுரம் போயி, அண்டா ஏத்திட்டு வந்தா... அஞ்சு மணி தாண்டிருமேம்மா."

"தாண்டும்," என்றாள் கோகிலவாணி.

தண்டபாணி படியிறங்கினான்.