குறை சொல்லி விட்ட வீடு

டம்... டம்... டமடம.

எத்தனையோ வருஷம் கழித்தும் வடிவாம்பாளின் காதில் அந்தத் தமுக்குச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்தக் காலத்தில் வீட்டின் படத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டுக் கிளம்புகிறோம். மணலூர்ச் சமஸ்தானத்தில் பூவராகராயர் ஆண்ட நாளில் வீட்டை முதலில் காதால்தான் பார்க்க வேண்டும். வீடு வாடகைக்கு என்றால் ஆஸ்தானப் புலவர் வாசகம் எழுதுவார். தமுக்குக்காரர் தெருத்தெருவாகச் சொல்வார். மூன்று முறை தமுக்கடித்தும் ஆள் வராவிட்டால் வீடு அரண்மனைக்குப் போய்விடும். விளக்கேற்ற ஆளில்லாத வீடு ஊருக்கு ஆகாது என்று அங்கே ஒரு வழக்கம்.

வடிவாம்பாளுக்கு அவசரம். தரங்கம்பாடியில் இருந்த அவள் அக்காளுக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. "முழுக்க இருட்டுவதற்குள் உன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும், வா" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். குடிவைக்காமல் கிளம்பினால் வீடு போய்விடும். வீடு போனால் கைம்பெண்ணுக்கு வேறு ஆதாரம் கிடையாது.

பக்கத்து வீடுதான் ஆஸ்தானப் புலவர் அகண்டமுத்துக் கவிராயருக்கு. "கவலைப்படாதே அம்மா, நான் எழுதுகிறேன் பார்" என்றார்.

எழுதினார். இந்திரன் பார்த்தால் சொர்க்கத்தைக் காலி செய்துவிட்டு வருவானாம். கிணற்றுத் தவளைகூட ராகம் தப்பாமல் பாடுமாம். அறை எத்தனை, கிணறு எங்கே என்று ஒரு வார்த்தை இல்லை. கேட்டவர்கள் ஓடி வந்தார்கள். நிலைவாசலில் நெற்றியை இடித்துக்கொண்டு, வைதுகொண்டே திரும்பினார்கள். இரண்டாம் முறை இந்திரனோடு குபேரனையும் சேர்த்துக்கொண்டார். அப்போதும் அதே கதைதான்.

"அரண்மனைத் தமுக்கு பொய் சொல்கிறது" என்று ஊர் பேசியது. ராயருக்கு முகம் சிவந்தது.

"மூன்றாவது வாசகத்தை மாசிலாமணி எழுதட்டும்" என்றார்.

மாசிலாமணி சபையில் விகடம் பேசுகிறவன். கவிராயருக்கு அவனைக் கண்டாலே வயிறு எரியும்.

"தாராளமாக எழுதட்டும், மகாராஜா. நான் புகழ்ந்து கெடுத்தேன் என்றுதானே சொல்கிறார்கள்? இவர் ஒரு சொல்கூடப் புகழாமல் எழுதட்டும். புகழ்ந்தால் தமுக்கு செல்லாது!"

ராயருக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "சம்மதமா, மாசிலாமணி?"

"சம்மதம், மகாராஜா. குறை சொல்லலாமா?"

"எவ்வளவு வேண்டுமானாலும் சொல்!"

சபை ஓரத்தில் நின்றிருந்த வடிவாம்பாள் தனக்குள் கேட்டுக்கொண்டாள். புகழ்ந்தே போகாத வீடு, இகழ்ந்தா போகப்போகிறது?

மாசிலாமணி நேரே வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நெற்றியை இடித்துக்கொண்டான். அண்ணாந்து கூரையைப் பார்த்தான். கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் குடித்தான். அதற்குள் சுவருக்கு அப்பாலிருந்து கவிராயர் குரல் எழும்பியது. தாழ்வாரத்துப் புறாக்கள் பறந்து போயின.

"என்னம்மா இது?"

"அவர் பாட்டுத்தான். தினம் விடியலில் உண்டு. யாராவது வீடு பார்க்க வந்தால் கூடுதலாக உண்டு."

"ஓஹோ! அரண்மனை எடுக்கிற வீடு யாருக்கு மானியமாகப் போகும்?"

"ஆஸ்தானப் புலவருக்குத்தான்" என்று சொல்லும்போதே வடிவாம்பாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

மறுநாள் தமுக்கு முழங்கியது.

"கீழவீதியில் வடிவாம்பாள் வீடு வாடகைக்கு! அறை மூன்று. கிணறு கொல்லையில். நிலைவாசல் தாழ்வு, குனிந்து வரவும். மழை பெய்தால் சமையலறை மூலையில் ஒழுகும், சட்டி வைக்கவும். பக்கத்து வீட்டில் அகண்டமுத்துக் கவிராயர் இருக்கிறார். விடியலிலும், யாராவது வீடு பார்க்க வந்தாலும், உரக்கப் பாடுவார். தாங்க முடிந்தவர் மட்டும் வரவும்!"

தெருவெல்லாம் சிரித்தது. வடிவாம்பாள் மட்டும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் ஒரே ஒருவர் வந்தார். கோட்டைப் பீரங்கியில் முப்பது வருஷம் வேலை பார்த்த இருளப்பன். தமுக்குச் சொன்னதைத் தம்பி பெண்டாட்டி அவர் காதருகே கத்திச் சொல்லி அனுப்பியிருந்தாள். அவர் நிலைவாசலில் பதமாகக் குனிந்து உள்ளே வந்தார். சுவருக்கு அப்பால் கவிராயர் அடிவயிற்றிலிருந்து தொடங்கினார்.

இருளப்பன் நாலா பக்கமும் பார்த்தார். பீரங்கி மாதிரியே முழங்கினார்: "வீடு நல்ல அமைதியாக இருக்கிறதே, தாயே!"

அப்போதே முன்பணம் கொடுத்துவிட்டார்.

கவிராயர் அரண்மனைக்கு ஓடினார். "மகாராஜா! நிபந்தனை மீறல்! அந்த வாசகத்தில் புகழ்ச்சி இருக்கிறது!"

"எங்கே ஐயா இருக்கிறது? ஒழுகுகிற மூலையிலா?"

"என் பாட்டைச் சொல்லியிருக்கிறானே! புலவன் குரல் கேட்கிற வீடு என்பது எவ்வளவு பெரிய சிறப்பு!"

அவர் பின்னாலேயே ஓடிவந்த வடிவாம்பாள் அதைக் கேட்டாள். இது புகழ்ச்சி என்றாகிவிட்டால் தமுக்கு செல்லாது. வீடு போயிற்று.

மாசிலாமணி கைகட்டி நின்றான்.

"கவிராயர் அது சிறப்பு என்றால் நான் தோற்றேன், மகாராஜா. ஒரே ஒரு சந்தேகம். கிணற்றுத் தவளையின் பாட்டைக்கூட விடாமல் புகழ்ந்தாரே, அத்தனை பெரிய சிறப்பை மட்டும் இரண்டு வாசகத்திலும் ஏன் விட்டார்?"

கவிராயர் வாயைத் திறந்தார். மூடினார். அன்றுதான் அவர் வாயிலிருந்து சத்தம் வராமல் போனதைச் சபை கண்டது. ராயர் சிம்மாசனத்தின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"என்ன வேண்டும், மாசிலாமணி? கேள்!"

"அரண்மனையின் வேகமான வில்வண்டி, மகாராஜா. எனக்கில்லை. இந்த அம்மாவுக்கு."

வண்டி அன்றே புறப்பட்டது. வடிவாம்பாள் போய்ச் சேர்ந்தபோது ஆனி மாதம். அக்காள் அவளை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, முகத்தை வெகுநேரம் பார்த்தாள். தை பிறப்பதற்குள் அவளுக்குப் பார்வை போய்விட்டது.