பதினோராவது யானை

“மூணு நாளாச் சோறு எறங்க மாட்டேங்குது அம்மிணி. ஒரு வழி சொல்லு.”

கேட்டவர் சென்னியப்பன். ஐம்பத்திரண்டு வயது. நின்று கேட்டுக்கொண்டிருந்த சௌடேஸ்வரி அவர் மகளைவிடச் சின்னவள். ஆனால் திருப்பூரின் அந்தப் பிரிண்டிங் பட்டறையில் அவள்தான் மாஸ்டர். ஆறு மாதமாக அவளிடம்தான் அவர் தொழில் பழகுகிறார்.

“எதுக்குங்கண்ணா எறங்கல?”

“நம்ம ஆரோக்கியத்த வேலைய உட்டு நிறுத்திட்டாங்களே. பாவம், புள்ளகுட்டிக்காரன்.”

விஷயம் இதுதான். குழந்தைகள் பனியனில் யானைப் படம் அடித்தார்கள். கலரை இழுத்து அச்சடிக்கும் வலைச்சட்டமான ஸ்கிரீனில் ஒரு ஊசித்துளை. அதன் வழியே கலர் இறங்கி, யானையின் கண்ணுக்குக் கீழே ஒரு பொட்டு விழுந்தது. கிட்டத்தட்ட நானூறு யானைகள் அழுதுகொண்டு நின்றன. ஸ்கிரீன் செய்தது ஆரோக்கியம். பழி அவன் தலையில் விழுந்தது.

“ஸ்கிரீன்தான் கோளாறா?” என்று ஓனர் கேட்டபோது சென்னியப்பன் ஆமென்று தலையை ஆட்டினார். வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை. அதையே நினைத்து நினைத்து மனசைத் தேற்றப் பார்த்தார். தேறினால்தானே!

சௌடேஸ்வரி ஒதுக்கிவைத்த பனியன் கட்டு ஒன்றை எடுத்துவந்தாள். அடித்த வரிசையிலேயே அடுக்கியது. அப்படியே கவிழ்த்து, முதல் பீஸிலிருந்து ஒவ்வொன்றாக மேஜையில் பரப்பினாள்.

பத்து யானைகளுக்குப் பொட்டே இல்லை.

பதினோராவதில் இருந்தது. யாரோ விரலால் துடைத்ததில் அது இழுபட்டிருந்தது. பன்னிரண்டிலும் துடைத்த தடம். பதிமூன்றிலும்.

பதினாலிலிருந்து துடைக்கவில்லை. பொட்டு உருண்டையாக இருந்தது.

அவள் பதினோராவதை அவர் பக்கம் நகர்த்திவைத்தாள்.

சென்னியப்பனுக்குக் காது சுட்டது. அந்த மேஜைக்கு முன்னால் நிற்கவே கூசியது.

“மோதிரத்தக் கழட்டிட்டு அடிங்கன்னு நீ சொன்னே. நாந்தான் கழட்டல. அது உரசித்தான் ஓட்டை விழுந்துச்சு. அன்னிக்குத்தான் மொதமொதல்ல என்னையத் தனியா அடிக்க உட்டே. நிறுத்திட்டு உன்னயக் கூப்புட வெக்கமாப் போச்சு.”

சௌடேஸ்வரி சுவரில் சாய்த்திருந்த அதே ஸ்கிரீனை எடுத்தாள். ஒரு விரற்கடை டேப்பைக் கிழித்து ஓட்டையின் மேல் ஒட்டினாள். ஒரு பனியனை விரித்து, கலர் ஊற்றிக் கட்டையால் இழுத்தாள்.

யானை அழவில்லை.

“இவ்வளவுதானா?” என்றார் சென்னியப்பன்.

“இவ்வளவுதானுங்கண்ணா.”

“அன்னிக்கே ஒட்டியிருக்கோணும். இப்பத்தான் எல்லாம் கெட்டுப்போச்சே. இனிச் சொல்லி என்ன ஆகப்போவுது?”

அவள் டேப் உருளையை அவர் கையில் வைத்தாள்.

“ஓட்டை தெரிஞ்சும் மூணு நாளா அடிச்சுட்டேதான இருக்கீங்க. இப்ப இது எத்தனாவது பீஸுங்கண்ணா?”

ஓனர் மாடியில் இருந்தார். சென்னியப்பன் டேப்பைக் கையில் பிடித்தபடியே படியேறினார்.