நான்காவது பெயர்

அறிவியல் கண்காட்சிக்கு நடுவராக வந்த முனைவர் ஞானசிகாமணி, மேடையில் உட்கார்ந்து முந்திரியைக் கொறித்தாரே ஒழிய, ஒரு மேசைப் பக்கமும் எட்டிப் பார்க்கவில்லை. சாயங்காலம் மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"கிணற்றுத் தண்ணீரைச் சோதித்த எட்டாம் வகுப்புக் குழுவுக்குப் பரிசு கிடையாது. நாலு பேரையும் தனித்தனியாகக் கேள்வி கேட்டேன். தரங்கிணி என்ற பெண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை."

குழுத் தலைவி மரகதவல்லி எழுந்து பணிவாகக் கேட்டாள்.

"அவ உங்ககிட்ட பேசினாளா சார்?"

"பேசினாள். குரல்தான் வெளியே வரவில்லை."

"எங்க சார் நின்னா?"

"இதோ, என் நாற்காலிக்குப் பக்கத்தில்தான்."

முன்வரிசைப் பிள்ளைகள் அந்த வெற்றிடத்தைப் பார்த்துவிட்டு, மெல்லப் பின்னால் நகர்ந்தார்கள்.

"சார், அந்தக் கிணத்துத் தண்ணியக் குடிச்சுக் காமாலை வந்து, தரங்கிணி ஆடி மாசமே செத்துப்போயிட்டா. சோதனையை ஆரம்பிச்சவ அவதான். அதான் உங்ககிட்ட குடுத்த குழு அட்டையிலேர்ந்து அவ பேரை எடுக்கல. அதுக்கப்புறம் அவகிட்ட பேசினது நீங்க ஒருத்தர்தான். அவ அம்மா கடைசி வரிசையில இருக்காங்க. அவ என்ன சொன்னான்னு அவங்ககிட்ட சொல்லுங்க சார்."

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அந்த அம்மா மேடையை நோக்கி நடந்து வந்தாள்.

ஞானசிகாமணி தன் பக்கத்து வெற்றிடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மைக்கில் அவர் மூச்சு மட்டும் இரைந்துகொண்டிருந்தது.