மாட்டுக்குப் போட்ட கீரை

பண்ணையார் வீரபாகுவுக்கு வாய் பெரிசு. அவர் வீட்டில் சமையலும் தோட்டமும் பார்த்தவள் சடைச்சி. கொல்லையில் கத்தரிச் செடிகளுக்கு நடுவே பண்ணைக்கீரையும் பருப்புக்கீரையும் தானாக முளைத்துக் கிடந்தன.

“மத்தியானம் சாப்பிட சம்பந்தி வர்றார். அதுக்குள்ள இங்கே ஒரு களை இருக்கக் கூடாது,” என்றார் பண்ணையார்.

“கொஞ்சம் விட்டுவைங்க ஐயா. அதுக நிழல்லதான் கத்தரி வேரு காயாம நிக்குது. கறிக்கும் ஆகும்.”

“களையைத் தின்கிறது மாடு! அத்தனையும் பிடுங்கி மாட்டுக்குப் போடு. ஒரு இலை மிஞ்சினாலும் உனக்கு வேலை கிடையாது.”

“மாட்டைத்தான் போன மாசமே வித்துட்டீங்களே ஐயா?”

“அது உன் பாடு.”

மத்தியானம் பண்ணையாரும் சம்பந்தியும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பூண்டு தட்டிப்போட்ட கீரைக் கடைசலைப் பண்ணையார் மூன்று தரம் கேட்டு வாங்கினார். சம்பந்தி முன்னால் அதிகாரம் காட்ட வேண்டுமே! விரலை நக்கிக்கொண்டே, “ஏய் சடைச்சி, களையெல்லாம் மாட்டுக்குப் போட்டாச்சா?” என்று அதட்டினார்.

“போட்டாச்சு ஐயா. மூணு தரம் கேட்டு வாங்கித் தின்னுச்சு. இன்னும் நக்கிக்கிட்டிருக்கு.”

பண்ணையாரின் விரல் வாயிலேயே நின்றுவிட்டது. சம்பந்தி தன் இலையை ஒரு தரம் பார்த்தார். பிறகு அதைச் சடைச்சி பக்கம் நகர்த்தினார்.

“ரெண்டாவது மாடு காத்திருக்கு தாயி. இன்னொரு கரண்டி போடு.”