இரண்டு சுல்தான்களும் இரண்டு அங்கிகளும்

மணற்காட்டைச் சிங்க சுல்தான் ஆண்டது. மலைக்காட்டைச் சிறுத்தை சுல்தான் ஆண்டது. தொழுகைக்கு இரண்டும் ஒரே திசையில்தான் திரும்பும். ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்கத்தான் மனம் வராது!

நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. அங்கே நூரா என்ற பெண்மான் தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்தது. வடக்குக் கணவாய் வழியாக ஓநாய்ப்படை வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் நூரா இரண்டு சுல்தான்களிடமும் ஓடியது.

"தனித்தனியாக நின்றால் எல்லோரும் அழிவோம்! சேர்ந்து கணவாயைக் காத்து நில்லுங்கள், சுல்தான்!"

இரண்டும் ஒப்புக்கொண்டன. படைகள் கணவாய்க்குப் போயின. நூரா நிம்மதியாக மூச்சுவிட்டது.

அத்தோடு விட்டிருக்கலாம். சிங்கம் சும்மா இருக்காமல் சிறுத்தைக்கு ஒரு பட்டு அங்கியைப் பரிசாக அனுப்பியது. அந்த நாட்டு வழக்கப்படி, அங்கி கொடுப்பவர் எஜமான், அணிபவர் சேவகர்.

"இதைப் போட்டால் நான் அவனுக்குச் சேவகன் ஆகிவிடுவேனே!" என்று சிறுத்தை உறுமியது.

"நூலில் விஷம் தோய்த்திருந்தால்?" என்றது அதன் மந்திரியான வசீர் முள்ளம்பன்றி. "முதலில் கழுதைக்குப் போட்டுப் பார்ப்போம், சுல்தான்!"

போட்டுப் பார்த்தார்கள். கழுதைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து அது பொதி சுமக்க மறுத்துவிட்டது, அவ்வளவுதான்.

சிறுத்தை பதிலுக்கு இன்னும் பெரிய அங்கியை அனுப்பியது. சிங்கத்துக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. "என்னைவிடத் தான் பெரியவன் என்கிறானா?"

நூரா மூச்சிரைக்க ஓடிவந்தது. "ஓநாய்கள் ஆற்றைத் தாண்டிவிட்டன! இந்த நேரத்தில் துணிப்பேச்சா?"

"முதலில் அவன் அணியட்டும்!" என்றது சிங்கம். மலையில் கேட்டபோது சிறுத்தையும் அதையேதான் சொன்னது.

"சரி! நாளைக் காலை பள்ளத்தாக்குக் கிணற்றடியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அணிந்துகொள்ளுங்கள்!" என்று நூரா கெஞ்சியது.

சம்மதித்தன. ஆனால், 'தனியாகப் போனால் பாய்ந்துவிடுவானோ?' என்று நினைத்த சிங்கம் கணவாயிலிருந்த தன் படையைக் கிணற்றடிக்கு அழைத்துக்கொண்டது. சிறுத்தைக்கும் அதே புத்திதான். அதுவும் தன் படையை அழைத்துக்கொண்டது.

காலையில் இரண்டு படைகளும் எதிரெதிரே நின்றன. சுல்தான்கள் அங்கிகளை மாட்டிக்கொண்டு, கண்கொத்திப் பாம்பாக ஒன்றையொன்று பார்த்தன. அப்போது பின்னால் அலறல் கேட்டது.

"துரோகி! உன் ஆட்களா?" என்று சிங்கம் பாய்ந்தது.

"நீதானே சதிகாரன்!" என்று சிறுத்தை பாய்ந்தது. அங்கி தடுக்கி இரண்டும் புழுதியில் உருண்டன. படைகளும் ஒன்றோடொன்று மோதின. வந்தது ஓநாய்கள் என்று புரிந்தபோது பள்ளத்தாக்கு பறிபோயிருந்தது.

தப்பியவர்கள் ஒரு குன்றில் ஏறினார்கள். நூராவோடு ஒரு குட்டிதான் வந்தது.

"அவன் படையோடு வருவான் என்றுதான் நானும் படையோடு வந்தேன்!" என்றது சிங்கம்.

"நானும் அதனால்தான் வந்தேன்!" என்றது சிறுத்தை.

நூரா அழுதுகொண்டே கேட்டது: "அங்கே இத்தனை கண்கள் இருந்தனவே! அதில் ஒன்றாவது வடக்கே பார்த்ததா?"

நூரா மிச்சமிருந்த குட்டியை அணைத்துக்கொண்டு தெற்கே நடந்தது.

நண்பனைச் சந்தேகித்து அவனையே காவல் காப்பவன், பகைவனுக்கு வாசலைத் திறந்துவிடுகிறான்.