பலவேசம் பிடித்த துண்டு

மலையடிவாரத்தில் ஆற்றையொட்டி ஒரு மடம். அதன் தலைவி தவக்கொழுந்து அம்மை. வயது நாற்பதைத் தாண்டவில்லை. சீடர்களில் மூத்தவர் பலவேசம். அரிசி மண்டியில் காலமெல்லாம் மூட்டை தூக்கிவிட்டு, தோள் போதும் என்று சொன்ன பிறகு ஞானம் தேடி வந்தவர். அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. விடிந்ததும் படித்துறையில் முதலில் இறங்குவது பொட்டு என்கிற நாய். பாம்பு கீம்பு கிடந்தால் குரைக்கும். அது தண்ணீரில் வாய் வைத்த பிறகுதான் மனிதர்கள் குளிக்கலாம்.

ஒருநாள் குரங்கைத் துரத்திக்கொண்டு மதிலிலிருந்து குதித்த பொட்டு, வீலென்று கத்தியது. முன்னங்கால்கள் எழுந்தன. பின்னங்கால்கள் ஈரத்துணி மாதிரி கிடந்தன.

கால்நடை மருத்துவர் வந்து பின்னங்கால் விரலை அழுத்திக் கிள்ளினார். பொட்டு திரும்பி உறுமியது.

"வலி தெரியுது, அதனால நம்பிக்கை இருக்கு" என்றார். "முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற சவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துது. சில வாரம் கூண்டுக்குள்ள அசையாம கிடக்கணும். மூத்திரத்தை நீங்கதான் வயித்தை அமுக்கி எடுக்கணும். அதுக்கப்புறம் வயித்துக்கு அடியில துண்டைக் கொடுத்து நடக்கப் பழக்குங்க."

மருத்துவர் போனதும் சமையல்காரர் உலகநாதன் தொண்டையைச் செருமினார். "ஊசி போட்டு அனுப்பிரலாமே. வாயில்லா சீவன் எதுக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கணும்?"

"உம்ம சாம்பாரைத் தின்னுட்டு நாங்க இழுத்துக்கிட்டுக் கெடக்கலையா?" என்றார் பலவேசம். "இது நடக்கும்வேய். நான் நடக்க வைக்கேன்."

சொன்ன சொல்லில் நின்றார். வயிற்றை அமுக்கி மூத்திரம் எடுத்தார். புண் வராமல் புரட்டிப் போட்டார். பீயைத் துடைத்தார். தியானத்தில் தூங்கி விழுகிற மனுஷர், நாய் முனகினால் மட்டும் துள்ளி எழுந்தார். கூண்டு வாசம் முடிந்ததும் துண்டை எடுத்தார்.

அது மூட்டைக்காரர் பிடி. பொட்டுவின் பின்பாதி கொடியில் போட்ட வேட்டியாக அந்தரத்தில் தொங்க, முன்னங்கால்கள் மட்டும் நடந்தன. அப்படியே படித்துறை வரை கொண்டுபோய்த் தண்ணீரில் வாய் வைக்கச் செய்வார். அதுவரை மடமே தோளில் துண்டோடு காத்து நிற்கும்.

வாரங்கள் போயின. பின்னங்கால்கள் அசைந்தபாடில்லை. அவருக்கு வைராக்கியம் கூடக்கூடத் துண்டும் மேலே மேலே போயிற்று.

ஒருநாள் தவக்கொழுந்துவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"அம்மா, நான் என்ன குறை வச்சேன்? ஏன் இன்னும் காலை ஊன மாட்டேங்கு?"

அந்த நேரம் வாசலில் அரிசி லாரி வந்து நின்றது. பலவேசத்தோடு மண்டியில் வேலை பார்த்த ஆட்கள்தான் மூட்டை இறக்க வந்திருந்தார்கள். தவக்கொழுந்து பலவேசத்தையும் அழைத்துக்கொண்டு அவர்களிடம் போனாள்.

"மூட்டை இருக்கட்டும். முதல்ல இவரைத் தூக்குங்க."

அவர்களுக்குச் சொல்லவா வேண்டும்? வெறும் சாக்கு ஒன்றை அவர் இடுப்பைச் சுற்றிக் கொடுத்து, பக்கத்துக்கு இருவராகத் தூக்கிவிட்டார்கள்.

"அண்ணாச்சிக்கு மடத்துச் சோறு நல்லா ஒட்டியிருக்குடே!"

"எறக்குங்கலே!"

"அப்படியே படித்துறை வரைக்கும் நடங்க, அண்ணாச்சி" என்றாள் தவக்கொழுந்து.

அவர் கால்கள் காற்றில் துழாவின. முகம் சிவந்துவிட்டது.

"அந்தரத்துல தூக்கி வச்சிக்கிட்டு நடக்கச் சொன்னா எப்பிடிம்மா நடக்க?"

அவள் கையசைத்தாள். இறக்கிவிட்டார்கள். பலவேசத்தின் பாதம் மண்ணில் பட்டது. மூலையில் படுத்திருந்த பொட்டுவைப் பார்த்தார். அப்புறம் நெடுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிந்தது. பொட்டுவின் வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்தார். இந்த முறை தாழ்த்திப் பிடித்தார். பின்பாதங்கள் தரையைத் தொட்டன. ஒன்று உள்பக்கமாக மடங்கிக்கொண்டது. குனிந்து அதை நிமிர்த்தி வைத்தார். மறுபடி மடங்கியது, மறுபடி நிமிர்த்தினார். பின்னால் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. உலகநாதன்கூட.

வலது பின்னங்கால் நடுநடுங்கியது. பிறகு தரையை ஒரு தரம் உந்தியது.

பொட்டுவின் உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. பலவேசத்தின் கை பழக்கத்தில் துண்டை மேலே இழுத்தது.

"அம்மா! விழுந்திருமே!"

"துண்டைத் தாழ்த்துங்க, அண்ணாச்சி" என்றாள் தவக்கொழுந்து. "விழுந்தாலும் தரையிலதான விழும்."